வெண்ணெய் வாங்கும் முன் தீவனத் தொட்டியைப் பாருங்கள்

தைராய்டு குறைவு என்று பரிசோதனைத் தாள் சொன்ன அந்த வாரமே பல வீடுகளில் சமையலறை மாறத் தொடங்கிவிடுகிறது. முட்டைக்கோசும் காலிஃபிளவரும் வெளியேறும். யாரோ ஓர் அத்தை சொன்னாரென்று பாக்கெட் உப்பு போய், சாக்கில் அளந்து விற்கும் கல் உப்பு உள்ளே வரும். கூடவே "மேய்ச்சல் பசு வெண்ணெய்", "புல் மட்டுமே தின்ற பசுவின் நெய்" என்று எழுதிய கண்ணாடிப் புட்டி ஒன்றும் வரும். விலை சாதாரண நெய்யைப் போல இரண்டு, மூன்று மடங்கு. இந்த மாற்றங்களில் உண்மையிலேயே கெடுதல் செய்யக்கூடியது அந்த உப்பு. அதைப் பின்னால் பார்ப்போம். முதலில் புட்டி.

மேய்ச்சல் பசுவின் வெண்ணெய் நல்ல பொருள். வசதி இருந்தால், ருசி பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். தைராய்டுக்காக மட்டும் வாங்குவதென்றால் கொஞ்சம் பொறுங்கள். தைராய்டு சுரப்பி பாலிடம் எதிர்பார்ப்பது வெண்ணெயோடு வருவதில்லை. பெரும்பாலும் புல்லோடும் வருவதில்லை.

கடையும்போது எது எங்கே போகிறது

தைராய்டு சுரப்பிக்கு மூலப்பொருள் அயோடின். அது சுரக்கும் ஹார்மோனை டி4 என்று சொல்கிறோமே, அந்த 4 என்பது அதிலுள்ள அயோடின் அணுக்களின் எண்ணிக்கைதான். டி3 என்றால் மூன்று. வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். கர்ப்பிணிக்கு 250 வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பாலில் இந்த அயோடின் நீர்ப்பகுதியில் இருக்கிறது, கொழுப்பில் இல்லை. நாள்தோறும் எடுத்துச் சேர்த்த ஏட்டை உறை ஊற்றி, மறுநாள் கடைகிறீர்கள். வெண்ணெய் திரண்டு மேலே மிதக்கிறது. அதை வழித்தெடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு, மூன்று முறை அலசுகிறீர்கள், புளிப்பு போகட்டும் என்று. கரண்டியின் முதுகால் அழுத்தினால் வெண்ணெய்க்குள்ளிருந்து கலங்கிய நீர் முத்துமுத்தாக வெளியே வரும். அயோடின் அந்த நீரோடு போய்விடுகிறது. கடை வெண்ணெயில் குறைந்தது 80 சதவீதம் பால் கொழுப்பு, அதிகபட்சம் 16 சதவீதம் ஈரம் என்று விதி இருப்பதால், அதிலும் அயோடினுக்குப் பெரிதாக இடமில்லை. நெய்யாக உருக்கினால் மிச்சமிருந்த ஈரமும் போய்விடுகிறது. நெய்யில் அயோடின் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆக, அயோடின் கணக்கில் வெண்ணெயை விட மோர் மேல். கடைந்த மோரில் கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்டுக் குடிக்கிற வீட்டுக்கு நஷ்டமே இல்லை.

பாலில் அயோடின் இருக்கிறது என்பதற்கு மருத்துவமனைகளில் ஒரு சான்று உண்டு. தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் கொடுப்பதற்கு முன்னால் ஒன்றிரண்டு வாரம் அயோடின் குறைந்த சாப்பாடு சாப்பிடச் சொல்வார்கள். அந்தப் பட்டியலில் விலக்க வேண்டியவையாக அயோடின் உப்பு, கடல் மீன், முட்டை மஞ்சள் கருவோடு பாலும் பால் பொருள்களும் இருக்கும்.

புல் தருவது என்ன

புல் தின்னும் பசுவின் வெண்ணெய்க்கு மதிப்பு கொழுப்பில் கரையும் பொருள்களால். பச்சைத் தழையில் இருக்கிற கரோட்டின் பாலின் கொழுப்பில் சேர்கிறது. வெண்ணெய் மஞ்சளாவது அதனால்தான். வைக்கோலாகக் காய்ந்துவிட்டால் கரோட்டின் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய கார்த்திகை, மார்கழியில் மஞ்சள் தூக்கலாக இருக்கும் வெண்ணெய், அதே பசுவிடம் பங்குனி, சித்திரையில் வெளிறிப்போவதை வீட்டில் மாடு வைத்திருப்பவர்கள் அறிவார்கள். கரோட்டினைத் தவிர ஒமேகா 3 கொழுப்பும், சி.எல்.ஏ. என்கிற கொழுப்பு அமிலமும் பச்சை தின்னும் மாட்டுப் பாலில் கூடுதல். வைட்டமின் கே2வும் வெண்ணெயில் உண்டு.

இவையெல்லாம் உண்மை. இவை தைராய்டு சுரப்பைச் சீராக்கும் என்று சொல்வதற்கு மட்டும் ஆதாரம் இல்லை. ஓரளவு தொடர்புடையது வைட்டமின் ஏ ஒன்றுதான். அயோடினும் வைட்டமின் ஏயும் இரண்டுமே பற்றாக்குறையாக இருந்த ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுத்தபோது தைராய்டு நிலை மேம்பட்டது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 கிராம் வெண்ணெயில் ஏறத்தாழ 70 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ இருக்கும். அது ஒரு நாள் தேவையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதிக்கு முருங்கைக்கீரையும் மாம்பழமும் இருக்கின்றன.

கரோட்டின் பற்றி இன்னொன்று. தைராய்டு மிகவும் குறைந்தவர்களின் உடல் கரோட்டினை வைட்டமின் ஏயாக மாற்றுவதில் மந்தமாகிவிடும். மாறாத கரோட்டின் தோலில் தங்கி, உள்ளங்கை மஞ்சள் பூசினதுபோல இருக்கும். மஞ்சள் காமாலை என்று பயந்து வருவார்கள். கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் காமாலை இல்லை. மருந்தின் அளவு சரியானதும் கை பழைய நிறத்துக்கு வரும்.

இப்போது அளவு. வெண்ணெயின் எடையில் பாதி நிறைகொழுப்பு. ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் சுமார் 100 கலோரி, 7 கிராம் நிறைகொழுப்பு. தைராய்டு குறைந்திருக்கும்போது கெட்ட கொழுப்பு என்று சொல்கிற எல்.டி.எல். ஏற்கெனவே ஏறியிருக்கும், எடையும் கூடியிருக்கும். இந்த நிலையில் "மேய்ச்சல் பசுவுடையது, ஒன்றும் செய்யாது" என்று தோசைக்குத் தோசை வெண்ணெய் வைப்பது பொருந்தாது. நாளைக்கு வெண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து இரண்டு, மூன்று தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புல்லால் நிறைகொழுப்பு காணாமல் போய்விடாது.

பசுவுக்கு அயோடின் எங்கிருந்து கிடைக்கிறது

விஷயத்தின் மையம் இதுதான். புல்லில் அயோடின் எவ்வளவு என்பதை மண் தீர்மானிக்கிறது. பெரும்பாலான மேய்ச்சல் நிலங்களில் அது சொற்பம். பாலில் அயோடின் கூடுவது அடர்தீவனத்தில் கலக்கும் தாது உப்புக் கலவையால். கறப்பதற்கு முன்னும் பின்னும் மடியையும் காம்பையும் அயோடின் மருந்தால் கழுவினால், அதிலிருந்தும் கொஞ்சம் பாலுக்கு வரும்.

பிரிட்டனில் உப்பில் அயோடின் சேர்க்கும் அரசுத் திட்டம் என்று ஒன்று இருந்ததே இல்லை. ஒரு காலத்தில் டெர்பிஷயர் பகுதியில் முன்கழுத்துக் கழலை அவ்வளவு சகஜமாக இருந்ததால் அதற்கு "டெர்பிஷயர் கழுத்து" என்றே பெயர். அந்த நாட்டில் கழலை மறைந்தது பாலால். மாடு நன்றாகச் சினை பிடிக்க வேண்டும், பால் கூட வேண்டும் என்று விவசாயிகள் தீவனத்தில் அயோடின் சேர்த்தார்கள். அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தது. மனிதர்களின் கழலையைப் பற்றி யாரும் திட்டமிடாமலேயே அது குறைந்தது. அதே பிரிட்டனில் 2012இல் வெளியான ஓர் ஆய்வு, மேய்ச்சலையே பெரிதும் நம்பும் இயற்கை முறைப் பண்ணைகளின் பாலில் சாதாரணப் பாலைவிட அயோடின் சுமார் 40 சதவீதம் குறைவு என்று காட்டியது. மாடுகள் கொட்டிலில் அடர்தீவனம் தின்னும் குளிர்காலத்தில் அங்கே பாலின் அயோடின் ஏறும், வெளியே புல் மேயும் கோடையில் இறங்கும்.

ஆஸ்திரேலியாவில் கதை வேறு விதம். அங்கே பால் பண்ணைகளில் அயோடின் கலந்த கிருமிநாசினி புழங்கிய காலத்தில் மக்களுக்குப் பால் வழியே அயோடின் கிடைத்துக்கொண்டிருந்தது. பண்ணைகள் குளோரின் சார்ந்த மருந்துகளுக்கு மாறியதும் பாலில் அயோடின் சரிந்தது. பற்றாக்குறை திரும்பி வந்து, கடைசியில் 2009இல் ரொட்டிக்கு அயோடின் உப்பு கட்டாயம் என்று சட்டம் போட வேண்டியதாயிற்று.

எனவே புல் மட்டும் தின்று, தாது உப்பு ஒரு சிட்டிகைகூடக் காணாத பசுவின் பால் நல்ல மஞ்சளாக, மணமாக இருக்கலாம். அயோடினில் அது ஏழைப் பாலாகவே இருக்கும்.

தீவனத்தில் அயோடினுக்கு எதிராக வேலை செய்யும் சரக்குகளும் உண்டு. கடுகுப் புண்ணாக்கு வட மாநிலங்களில் அதிகம். அதிலுள்ள பொருள்கள் அயோடின் பாலுக்குள் போவதைக் குறைக்கின்றன. நம் பக்கம் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் ஜவ்வரிசி ஆலைகளிலிருந்து வரும் மரவள்ளித் திப்பியும் தோலும் மாட்டுக்குப் போகின்றன. மரவள்ளியின் சயனைடை மாட்டின் உடல் தயோசயனேட்டாக மாற்றி வெளியேற்றும். இந்தத் தயோசயனேட் தைராய்டுக்குள்ளும் மடிக்குள்ளும் அயோடின் நுழைவதற்குப் போட்டியாக நிற்கும். திப்பியே ஆகாது என்பதில்லை. அளவாகப் போட்டு, தாது உப்பையும் சேர்த்தால் போதும்.

வேலியோரத்தில் வளரும் சவுண்டல், அதாவது சூபாபுல் தழை, இன்னும் சுவாரசியமானது. புரதம் நிறைந்த தீவனம், ஆடும் மாடும் விரும்பித் தின்னும். அதிலுள்ள மைமோசின் மாட்டின் இரைப்பையில் சிதைந்து, கழலை உண்டாக்கும் பொருளாக மாறுகிறது. ஹவாய் ஆடுகளுக்கு மட்டும் இதனால் ஒன்றும் ஆகவில்லை என்பதைக் கவனித்த ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி, அவற்றின் வயிற்றில் அந்த நஞ்சை உடைக்கும் பாக்டீரியா இருப்பதைக் கண்டறிய வழிவகுத்தார். அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள்: சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சி. மாட்டுக்குக் கொடுக்கும் தழையில் சவுண்டல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

பால் ஊற்றுபவரிடம் என்ன கேட்பது

தெரிந்த வீட்டிலிருந்து பால் வாங்குபவர்களுக்கு ஒரு வசதி, நேரில் கேட்கலாம். காங்கயம் பக்கம் கொரங்காடு என்று ஒரு மேய்ச்சல் முறை இருக்கிறது. கிளுவை முள்வேலி கட்டிய காடு, நடுவே வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப் புல். ஒரு பட்டியில் மேய்ந்து முடித்ததும் அடுத்த பட்டிக்கு மாடுகளை மாற்றி விடுவார்கள். தமிழ்நாட்டில் "மேய்ச்சல் பசு" என்று கூசாமல் சொல்லக்கூடிய இடம் இது. அங்கே ஒரு தோட்டத்தில் பால் கறந்துகொண்டிருந்த அக்காவிடம் பேச்சுக் கொடுத்தபோது:

"புல்லு மட்டுந்தான் போடறீங்களாக்கா?"

"மழை பேஞ்சா மேய்ச்சல்தானுங்க. சித்திரையில புல்லேது? சோளத்தட்டும் பருத்திக்கொட்டையுந்தான்."

"தாது உப்பு?"

"சொசைட்டில குடுத்தாங்கன்னா கறவை மாட்டுக்கு ஒரு கை போடுவனுங்க. வத்துக்கறவைக்குப் போடறதில்லை."

இதைவிட நேர்மையான லேபிள் எந்தப் புட்டியிலும் இருக்காது. கொங்கு நாட்டில் பன்னிரண்டு மாதமும் பசும்புல் என்று ஒருவர் சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும். கறவை மாட்டுக்குத் தாது உப்புக் கலவை நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம் வேண்டும். கால்நடை மருந்தகத்திலும் கால்நடைப் பல்கலைக்கழக மையங்களிலும் கிடைக்கும். பால் வாங்கும் வீட்டில் இது தீர்ந்துவிட்டது என்றால், ஒரு பொட்டலம் நீங்களே வாங்கிக் கொடுப்பது அந்தக் கண்ணாடிப் புட்டியைவிட மலிவு.

மாடு மேய்ந்துதான் ஆக வேண்டும் என்றும் பிடிவாதம் வேண்டாம். கோ 4, கோ 5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை அறுத்துவந்து கட்டுத்தறியிலேயே போட்டாலும் கரோட்டின் அதேதான். "பச்சை எவ்வளவு, உலர்ந்தது எவ்வளவு, தாது உப்பு உண்டா?" இந்த மூன்றைக் கேட்டால் போதும்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. பண்ணைப் பால் என்றால் காய்ச்சாமல் குடிக்க வேண்டும் என்ற புதுப் பழக்கம் வேண்டாம். புருசெல்லா காய்ச்சல் மாட்டிடமிருந்து மனிதருக்குப் பாலின் வழியே வரும். பொங்கக் காய்ச்சுங்கள்.

கடை அலமாரியின் முன்னால்

ஆவின் போன்ற கூட்டுறவுப் பாலில் ஆயிரக்கணக்கான வீட்டு மாடுகளின் பால் ஒன்றாகக் கலக்கிறது. அதில் எந்த மாடு என்ன தின்றது என்று பிரிக்க முடியாது. நீலப் பாக்கெட் 3 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5, ஆரஞ்சு 6. தைராய்டோடு கொழுப்பும் ஏறியிருப்பவர்களுக்கு நீலம் போதும். கொழுப்பை எடுப்பதால் அயோடின் குறைவதில்லை.

மஞ்சள் நிறத்தைப் பார்த்து வெண்ணெயை மதிப்பிடுவது பாதி பலிக்கும், பாதி ஏமாற்றும். எருமை கரோட்டினை முழுவதும் வைட்டமின் ஏயாக மாற்றிவிடுவதால், எவ்வளவு புல் தின்றாலும் அதன் வெண்ணெய் வெள்ளையே. நீலகிரியின் புல்வெளியில் மேயும் தோடர் எருமைக்கும் அப்படித்தான். ஜெர்சி கலப்பின மாட்டுப் பால் இயல்பிலேயே மஞ்சள் கூடுதல். பாக்கெட் வெண்ணெயில் அன்னாட்டோ என்ற விதைச் சாயம் சேர்க்க அனுமதி இருக்கிறது. சேர்த்திருந்தால் உள்ளடக்கப் பட்டியலில் இருக்கும், படித்துப் பாருங்கள்.

"ஏ2" என்று போட்டிருந்தால் அது பாலின் ஒரு புரத வகையைச் சொல்கிறது. மாடு புல் தின்றதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நெய்யிலும் வெண்ணெயிலும் புரதமே பெயரளவுக்குத்தான். 2024 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏ1, ஏ2 விளம்பரங்களை நீக்கச் சொல்லி ஆணையிட்டு, சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. அதனால் லேபிளில் அந்த எழுத்து இருப்பது எதற்கும் அத்தாட்சி ஆகாது. இயற்கை முறைப் பொருள் என்றால் அதற்கான அரசு முத்திரை இருக்க வேண்டும்.

தளர்வாக விற்கும் வெண்ணெயில் உருளைக்கிழங்கு மசியலைக் கலப்பதுண்டு. அரைத் தேக்கரண்டி எடுத்து, டிங்சர் அயோடின் இரண்டு, மூன்று சொட்டு விட்டுப் பாருங்கள். நீலமானால் மாவுச்சத்து கலந்திருக்கிறது.

உப்பு

தமிழ்நாட்டில் தைராய்டுக்கு முதல் காவல் உப்புதான், பால் இரண்டாவது. உப்பில் ஆலையில் 30 பி.பி.எம்., வீட்டுக்கு வரும்போது 15 பி.பி.எம். அயோடினாவது இருக்க வேண்டும் என்பது விதி. நாளைக்கு 5 கிராம் உப்பு என்றால் குறைந்தது 75 மைக்ரோகிராம் அதிலிருந்தே வந்துவிடும். பாலும் மோரும் முட்டையும் மீனும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். அயோடின் சேர்க்காத உப்பை நேரடி உணவுக்கு விற்பது 2006 முதல் தடை. இருந்தும் 2018–19இல் நடந்த தேசிய ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பு புழங்கும் வீடுகள் மிகக் குறைவாக இருந்த மாநிலம் தமிழ்நாடு, சுமார் 62 சதவீதம். தூத்துக்குடியில் உப்பு விளைவித்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறோம், நம் வீட்டில் சாக்கு உப்பு. கல் உப்புதான் பிடிக்கும் என்றால் அயோடின் சேர்த்த கல் உப்பும் பாக்கெட்டில் கிடைக்கிறது. இந்துப்பில் தேவைக்கேற்ற அயோடின் இல்லை.

மறுபக்கமும் இருக்கிறது. அயோடின் உப்பு நன்கு புழங்கும் வீடுகளில் தைராய்டு குறைவுக்கு முக்கியக் காரணம் ஹாஷிமோட்டோ என்னும் தன்னெதிர்ப்பு நோய். அந்த நோய் உள்ளவர்களுக்கு அயோடினைக் கூட்டிக்கொண்டே போவது உதவாது, கெடுக்கவும் செய்யலாம். கடற்பாசி மாத்திரைகளைத் தொடாதீர்கள். ஹாஷிமோட்டோ உள்ளவருக்குப் பால் குடித்தால் வயிறு உப்புசமும் பேதியும் வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். லாக்டோஸ் ஒவ்வாத நோயாளிகளிடம் லாக்டோசைக் குறைத்தபோது, தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் டி.எஸ்.எச். இறங்கியதாக ஆய்வு உண்டு. அப்படிப்பட்டவர்களுக்குப் பாலைவிட நெய் ஒத்துக்கொள்ளும், அதில் லாக்டோஸ் இருப்பதில்லை என்றே சொல்லலாம்.

மாத்திரையும் காபியும்

எந்தப் பசுவின் பால் என்பதைவிட, எத்தனை மணிக்குப் பால் என்பது மாத்திரை போடுபவர்களுக்கு முக்கியம். காலை எழுந்ததும் அடுப்பில் டிக்காஷன், பால் பொங்குகிறது, மாத்திரை டப்பா அலமாரியில் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு கையில் டம்ளர், மறு கையில் மாத்திரை. எத்தனையோ வீடுகளில் தைராய்டு மாத்திரை காபியோடுதான் உள்ளே போகிறது. பாலின் கால்சியமும் புரதமும் அந்த மாத்திரையிலுள்ள லெவோதைராக்சினைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, காபியும் தன் பங்குக்கு உறிஞ்சுதலைக் குறைக்கிறது. டி.எஸ்.எச். இறங்கவில்லை என்று மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போவதற்குப் பல நேரம் இதுவே காரணம்.

வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் மாத்திரை. பிறகு காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி. காலைக் காபியை விட்டுக்கொடுக்கவே முடியாதவர்கள், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, இரவுச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம். அப்போது படுக்கும் முன் ஒரு டம்ளர் பால் என்ற பழக்கத்தை விட வேண்டியிருக்கும். மாத்திரை டப்பாவை அடுப்பு மேடையிலிருந்து எடுத்துவிடுங்கள். அங்கே சூடும் நீராவியும் அதிகம், இரண்டும் அந்த மருந்துக்கு ஆகாது.

நேரத்தை இப்படி மாற்றினாலும், பாலையோ உப்பையோ மாற்றினாலும், மறு வாரமே ரத்தம் கொடுக்க ஓடாதீர்கள். டி.எஸ்.எச். நிலைகொள்ள 6 முதல் 8 வாரம் ஆகும். பரிசோதனை நாளன்று ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போட்டுக்கொள்ளலாம். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் சாப்பிடுபவர்கள் இரண்டு நாள் முன்னதாகவே அதை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் தாளில் வரும் எண் பொய்யாக இருக்கும். மாத்திரை நேரத்தைச் சரிசெய்துகொண்டவர்களுக்குப் பழைய அளவே கூடுதலாகிவிடுவதும் உண்டு. படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை தென்பட்டால் 6 வாரம் வரை காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.